8 வருஷ வாரண்டி, 15 வருஷ ஆர்.சி: பழைய எலெக்ட்ரிக் கார் பேட்டரிக்கு இடையில் யார் பொறுப்பு?

எலெக்ட்ரிக் கார் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும். புதுக்கோட்டை கீழ ராஜ வீதி டீக்கடையாக இருந்தாலும் சரி, சென்னை ஓ.எம்.ஆர் ஆபீஸ் கேன்டீனாக இருந்தாலும் சரி, பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "எல்லாம் சரிங்க, பேட்டரி போச்சுன்னா?" பக்கத்தில் இருப்பவர் உடனே எடுத்துக் கொடுப்பார்: "கார் விலையில பாதி ஆகுமாமே!"

இந்தப் பயம் முழுக்கத் தப்பும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை. உலகச் சந்தையில் பேட்டரி விலை 15 ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. ஆனால் பழைய எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் ஒருவர், "என் காருக்குப் புது பேட்டரி என்ன விலை? இப்போ இருக்கிற பேட்டரி எந்த நிலைமையில இருக்கு?" என்று கேட்டால், அதற்கு எழுத்துபூர்வமாகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. விலையை விட இதுதான் பெரிய பிரச்சினை. அந்தச் சுமை முதலில் விழப்போவது பெருநகரங்களில் புது கார் வாங்கியவர்கள் மேல் அல்ல. அந்தக் காரைப் பின்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கும் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் மேல்.

எங்கே இடிக்கிறது?

இந்தியாவில் ஒரு தனிநபர் காரின் ஆர்.சி 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு காரைக் காட்டி, தகுதியாக இருந்தால் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். 15 வருஷம், 20 வருஷம் ஓடும் மாருதிகளையும் அம்பாசடர்களையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. கார் என்றால் அத்தனை வருஷம் ஓட வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

எலெக்ட்ரிக் காரின் பேட்டரிக்கு வழக்கமாகத் தரப்படும் வாரண்டி 8 ஆண்டுகள் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இ.வி-க்கு இதுதான் கணக்கு. அதன் ஆரம்ப விலை எக்ஸ் ஷோரூம் 13.99 லட்சம் ரூபாய். நடுத்தர வர்க்க இந்தியர்கள் பெரிய எண்ணிக்கையில் வாங்கிய முதல் எலெக்ட்ரிக் கார் என்று அதைச் சொல்லலாம். அதே மாதம் எம்.ஜி இசட்.எஸ் இ.வி வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2019 ஜூலையில், ஹூண்டாய் கோனா வந்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். கோனாவின் முதல் கார்களுக்கு 2027-லும், நெக்ஸானின் முதல் கார்களுக்கு 2028 தொடக்கத்திலும் பேட்டரி வாரண்டி முடிகிறது. ஆனால் ஆர்.சி 2034, 2035 வரை உயிரோடு இருக்கும். இடையில் இருப்பது 7 வருஷம். அந்த 7 வருஷத்தில் பேட்டரிக்கு ஏதாவது ஆனால் செலவு முழுக்க உரிமையாளர் தலையில்தான்.

பேட்டரி 'போவது' என்றால் என்ன?

பலர் நினைப்பது போல, வாரண்டி முடிந்த மறுநாள் பேட்டரி செத்துப் போகாது. இரண்டு விதமான கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பயம் பெரிதாகிறது.

முதலாவது, மெல்ல மெல்லத் தேய்வது. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும், சும்மா நிற்கும்போதும்கூட, லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆயிரக்கணக்கான கார்களின் தரவைப் பார்க்கும் ஜியோடேப் நிறுவனம், இந்தத் தேய்மானம் ஆண்டுக்குச் சராசரியாக 2.3 சதவீதம் என்று 2019-லும், 1.8 சதவீதம் என்று 2024-லும் கணக்கிட்டது. 1.8 என்று வைத்தால் 8 வருஷத்தில் போவது ஏறக்குறைய 14 சதவீதம். மீதி 86 சதவீதம் இருக்கும்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? பழைய நெக்ஸான் இ.வி-யின் பேட்டரி 30.2 கிலோவாட் ஹவர். அதாவது நம்ம கரண்ட் பில் கணக்கில் 30.2 யூனிட். புதிதாக இருக்கும்போது உண்மையான ரோட்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது என்றால் 160 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி ஏர்போர்ட் போய் வர இது தாராளம். அறந்தாங்கியிலிருந்து கிளம்பி திருச்சி போய்த் திரும்ப வேண்டும் என்றால், இடையில் எங்காவது சார்ஜ் போட்டே ஆகவேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த நிலைமையில் யாரும் லட்சக்கணக்கில் கொடுத்துப் புது பேட்டரி போடத் தேவையில்லை.

இரண்டாவது, திடீரென்று கோளாறாவது. பேட்டரி என்பது ஒரே பொருள் இல்லை. நிறைய செல்கள், அவற்றைச் சேர்த்துக் கட்டிய மாட்யூல்கள், எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஒரு எலெக்ட்ரானிக் போர்டு, குளிர்விக்கும் குழாய்கள் எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டி அது. டார்ச் லைட்டில் மூன்று கட்டை போட்டு, அதில் ஒன்று வீக்காக இருந்தால் மொத்த வெளிச்சமும் மங்குமே, அதே கதைதான் இங்கேயும். ஒரு செல் பலவீனமானால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தும், 15 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே கார் நின்றுவிடலாம். செலவு வைக்கும் கோளாறு இதுதான்.

வெயில் இரண்டையும் வேகப்படுத்தும். மே மாதம் புதுக்கோட்டையில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், முழு சார்ஜோடு நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கும் காரின் பேட்டரி, நிழலில் நிற்கும் காரின் பேட்டரியை விடச் சீக்கிரம் தேயும். எல்.எஃப்.பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் செல்கள் மற்ற வகைகளை விடக் கூடுதலாகத் தாங்கும். திரவக் குளிர்விப்பு இருக்கும் பேட்டரி, காற்றை மட்டும் நம்பும் பேட்டரியை விடத் தாங்கும். நெக்ஸான் இ.வி-யில் இரண்டும் உண்டு என்பது ஒரு நல்ல செய்தி.

மாற்றுவதற்கு எவ்வளவு ஆகும்?

2022-ல் ஒரு நெக்ஸான் இ.வி உரிமையாளரின் அனுபவம் செய்திகளில் அடிபட்டது. சுமார் 68,000 கிலோமீட்டர் ஓடிய காரின் பேட்டரி மாற்றப்பட்டது. அதன் விலை 7 லட்சம் ரூபாய் என்று பேசப்பட்டது. வாரண்டி இருந்ததால் அவருக்குச் செலவில்லை. ஆனால் '7 லட்சம்' என்ற எண் மட்டும் மக்கள் மனதில் நின்றுவிட்டது. 14 லட்சம் காருக்கு 7 லட்சம் பேட்டரி. "கார் விலையில பாதி" என்ற பேச்சுக்கு இப்படித்தான் உரம் கிடைத்தது.

இன்னொரு பக்கக் கணக்கையும் பாருங்கள். புளூம்பெர்க் என்.இ.எஃப் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, லித்தியம் பேட்டரி பெட்டியின் உலகச் சராசரி விலை 2010-ல் ஒரு கிலோவாட் ஹவருக்கு 1,100 டாலருக்கு மேல். 2024-ல் 115 டாலர். இந்த 2024 விலையில் 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரிக்கு 3,473 டாலர் ஆகிறது. டாலர் 84 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2.9 லட்சம் ரூபாய்.

இது கார் கம்பெனி மொத்தமாக வாங்கும் விலை. ஸ்பேர் பார்ட்டாக ஒன்றே ஒன்று வாங்கும்போது ஏற்றுகூலி, ஸ்டாக் வைக்கும் செலவு, டீலர் லாபம், பொருத்தும் கூலி எல்லாம் சேரும். அதெல்லாம் நியாயமே. ஆனால் 2.9 லட்சத்துக்கும் 7 லட்சத்துக்கும் இடையில் உள்ள தூரத்தில் எவ்வளவு நியாயமான செலவு, எவ்வளவு வேறு எதுவோ என்று ஒரு வாடிக்கையாளரால் கண்டுபிடிக்கவே முடியாது. ஏனென்றால் விலைப்பட்டியல் பொதுவெளியில் இல்லை. பிரேக் பேட் விலையையும் ஹெட்லைட் விலையையும் போனிலேயே விசாரித்துவிடலாம். காரிலேயே விலை உயர்ந்த பாகத்துக்கு மட்டும் "சர்வீஸ் சென்டர் வாங்க, பார்த்துச் சொல்றோம்" என்ற பதில்தான்.

வரியிலும் ஒரு விநோதம் இருக்கிறது. எலெக்ட்ரிக் வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி 2019 ஆகஸ்ட் 1 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். அதாவது புது காருக்குள் பேட்டரி இருந்தால் அதற்கு 5 சதவீதம்; அதே பேட்டரியைப் பழைய காரில் போட்டு அந்தக் காரை இன்னும் எட்டு வருஷம் ஓட்ட நினைத்தால் 18 சதவீதம். 2.9 லட்சம் ரூபாய் பேட்டரிக்கு இந்த வித்தியாசம் மட்டும் சுமார் 38,000 ரூபாய். புதிது வாங்குபவருக்குச் சலுகை, பழையதைக் காப்பாற்றுபவருக்கு அபராதம் மாதிரி ஆகிவிட்டது.

லாபம் ஒருத்தருக்கு, செலவு இன்னொருத்தருக்கு

"எலெக்ட்ரிக் காரில் மிச்சமாகும் பெட்ரோல் காசிலேயே புது பேட்டரி வாங்கிடலாம்" என்று ஒரு வாதம் உண்டு. கணக்கு சரிதான். லிட்டர் 100 ரூபாய்க்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு. எலெக்ட்ரிக் காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 0.17 யூனிட் என்று வைத்து, யூனிட்டுக்கு 9 ரூபாய் போட்டால், ஏறக்குறைய 1 ரூபாய் 50 காசு. (வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் ஸ்லாபுக்குப் போய்விடும் என்பதால்தான் 9 ரூபாய்.) கிலோமீட்டருக்கு மிச்சம் 5 ரூபாய் சொச்சம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் வருஷத்துக்கு 60,000 ரூபாய். எட்டு வருஷத்தில் 4.8 லட்சம்.

ஆனால் இந்த 4.8 லட்சம் யார் பையில் சேர்ந்தது? காரை முதலில் வாங்கியவர் பையில். கோவையிலோ பெங்களூரிலோ புது கார் எடுத்து, ஆறேழு வருஷம் ஓட்டி, வாரண்டி முடியும் நேரத்தில் விற்றுவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவார். அந்தக் கார் ஐந்து, ஆறு லட்சத்துக்கு ஒரு சின்ன ஊருக்கு வந்து சேரும். அங்கே அதை வாங்குபவருக்கு அது பெரும்பாலும் வீட்டின் முதல் கார்.

சென்னையில் ஐ.டி-யில் வேலை பார்க்கும் ஒருவர், பொன்னமராவதியில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இப்படி ஒரு கார் வாங்கித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, புதுக்கோட்டை போய் வர அது போதும். வாங்கி ஒரு வருஷத்தில் பேட்டரி கோளாறு. வாரண்டி இல்லை. காருக்குக் கொடுத்த விலையை விட பேட்டரிக்குக் கேட்கும் விலை கூட. பெட்ரோல் மிச்சம் என்று அவருக்குச் சேர்ந்தது 60,000 ரூபாய்தான். பெட்ரோல் கார் என்றால் உள்ளூர் மெக்கானிக் இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, ரிங் மாற்றி ஓட வைத்துவிடுவார். 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பேட்டரிப் பெட்டியை அப்படித் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் இல்லாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆக, அவருக்கு இருக்கும் வழி கம்பெனி சர்வீஸ் சென்டர் மட்டும்தான். அவர்கள் சொல்வதுதான் விலை.

நிறுவனங்கள் இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 2024 செப்டம்பரில் எம்.ஜி வின்ட்சர் வந்தபோது, பேட்டரிக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் வாடகை என்று பிரித்து, காரை 9.99 லட்சத்துக்கு விற்றது. முதல் உரிமையாளருக்கு பேட்டரிக்கு 'லைஃப்டைம்' வாரண்டியும் அறிவித்தது. 2025-ல் டாடா ஹேரியர் இ.வி-க்கு அதே போல அறிவித்து, பிறகு கர்வ் இ.வி-க்கும் 45 கிலோவாட் ஹவர் நெக்ஸானுக்கும் நீட்டித்தது. அங்கே லைஃப்டைம் என்றால் முதல் பதிவிலிருந்து 15 வருஷம். அதாவது ஆர்.சி-யின் ஆயுளும் வாரண்டியின் ஆயுளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நிறுவனங்களே ஒப்புக்கொண்டுவிட்டன.

ஆனால் இரண்டு இடத்தில் ஓட்டை. ஒன்று, இந்தச் சலுகையின் மையம் முதல் உரிமையாளர். கார் கை மாறினால் அதே லைஃப்டைம் அப்படியே கூட வராது. இரண்டு, 2020-லிருந்து விற்ற 30.2 கிலோவாட் ஹவர் கார்களுக்கு இது கிடையாது. சந்தைக்கு முதலில் தைரியமாக வந்தவர்களும், அவர்களிடமிருந்து வாங்குபவர்களும்தான் வெளியே நிற்கிறார்கள்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்த பாடம்

இந்தக் கதை எப்படி முடியும் என்று தெரிந்துகொள்ள வெகு தூரம் போக வேண்டாம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைக்கு நேர் எதிரே இருக்கும் இலங்கையில் ஏற்கெனவே நடந்துவிட்டது.

2014, 2015 காலகட்டத்தில் இலங்கையில் எலெக்ட்ரிக் கார்களுக்கு வரி குறைவாக இருந்தது. ஜப்பானில் ஓடிய நிஸான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இறக்குமதியாயின. அந்த லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. இலங்கையின் வெப்பத்தில் பேட்டரிகள் வேகமாகத் தேய்ந்தன. வாங்கும்போது 100 கிலோமீட்டருக்கு மேல் போன கார், சில வருஷங்களில் அதில் பாதிக்கும் திணறியது. கார்களின் மறுவிற்பனை விலை சரிந்தது.

பிறகு என்ன ஆனது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பேட்டரியைப் பரிசோதிக்கவும், பழுதான செல்களை மட்டும் மாற்றவும், ஜப்பானிலிருந்து வந்த பேட்டரியைப் பொருத்தவும் தெரிந்த ஒர்க்‌ஷாப்புகள் அங்கே உருவாயின. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025-ல்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட வருஷங்களில் கையில் இருக்கும் காரை எப்படியாவது ஓட வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய கார்கள் ரிப்பேர் தெரிந்த கைகளால் ரோட்டில் நின்றன.

அதே லீஃப், அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் 2012-லேயே தேய ஆரம்பித்தது. அங்கே உரிமையாளர்கள் போராட முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு: லீஃப் டாஷ்போர்டில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகள் இருக்கின்றன. ஒரு கோடு மறைந்தால் ஓட்டுபவர் கண்ணுக்கே தெரியும். "எனக்கு மூணு போச்சு, உனக்கு எத்தனை?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் நிஸான் 5 வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கோடுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக எழுதிக் கொடுத்தது. ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் அது பொருந்தும் என்றது. 2014-ல் புது பேட்டரியின் விலையைப் பகிரங்கமாக அறிவித்தது: பழையதைக் கொடுத்துவிட்டால் 5,499 டாலர். 2018-ல் ஜப்பானில், புதுப்பிக்கப்பட்ட பழைய பேட்டரியை 3 லட்சம் யென்னுக்குத் தர ஆரம்பித்தது.

கண்ணுக்குத் தெரியும் அளவுகோல், எழுதிய வாக்குறுதி, அறிவித்த விலை, ரிப்பேர் செய்யும் ஆள். இந்த நாலும் இருந்த இடத்தில் பழைய காருக்கு ஒரு மதிப்பு இருந்தது.

கம்பெனிகளின் வாதம் என்ன?

விலையை ஏன் வெளியிடுவதில்லை என்று கேட்டால் இரண்டு பதில்கள் வழக்கமாக வரும். பேட்டரி விலை மாறிக்கொண்டே இருக்கிறது, இன்றைக்கு ஒன்றைச் சொன்னால் அதுவே பூதமாகிவிடும் என்பது ஒன்று. வெளி ஆட்கள் பேட்டரியைத் திறந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பது மற்றொன்று.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தங்கம் விலை தினம் மாறுகிறது; கடை வாசலில் போர்டு வைக்காமலா விற்கிறார்கள்? விலை சொல்லாததால்தான் 2022-ன் '7 லட்சம்' இன்றைக்கும் பூதமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. தீ ஆபத்து உண்மை. 2022-ல் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது சரியான நடவடிக்கை. அதற்குத் தீர்வு பயிற்சியும் லைசென்ஸும்தான். ரிப்பேரே வேண்டாம் என்பது தீர்வில்லை. கேஸ் சிலிண்டரும் ஆபத்தானதுதான். அதற்காக அடுப்பை ரிப்பேர் செய்ய ஆளே இருக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

என்ன செய்யலாம்?

சட்டத்தில் ஒரு பாதி ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, எலெக்ட்ரிக் வாகன பேட்டரியைத் தயாரிப்பவரே அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு. பயன்படுத்தி முடித்ததைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கோ புதுப்பிப்புக்கோ அனுப்ப வேண்டும். பேட்டரியின் சாவுக்குச் சட்டம் இருக்கிறது. அதன் நடுவயதுக்குத்தான் இல்லை.

ஐரோப்பா அந்த நடுவயதைப் பிடித்துவிட்டது. அங்கே வரும் யூரோ 7 விதி, 5 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வரை பேட்டரியில் 80 சதவீதமும், 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை 72 சதவீதமும் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரியிலிருந்து அங்கே ஒவ்வொரு எலெக்ட்ரிக் கார் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும்.

இங்கே நாலு விஷயம் போதும். ஒன்று, விற்ற ஒவ்வொரு மாடலுக்கும் பேட்டரி விலையையும் மாட்யூல் விலையையும் நிறுவனம் தன் இணையதளத்தில் போட வேண்டும். இரண்டு, பேட்டரி எத்தனை சதவீதம் ஆரோக்கியமாக இருக்கிறது என்பது டாஷ்போர்டிலேயே தெரிய வேண்டும், ஆர்.டி.ஓ ஆபீஸில் பெயர் மாற்றும்போது அந்தச் சான்றையும் சேர்க்க வேண்டும். மூன்று, பழைய காருக்கு மாற்றும் பேட்டரிக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதமாக வேண்டும். நாலு, மாவட்டத்துக்கு ஓரிருவராவது பேட்டரி ரிப்பேர் தெரிந்த லைசென்ஸ் பெற்ற டெக்னீஷியன்கள் வேண்டும். புதுக்கோட்டையிலும் விராலிமலையிலும் ஐ.டி.ஐ-கள் இருக்கின்றன. இதற்கென ஒரு படிப்பைத் தொடங்கினால் உள்ளூர்ப் பையன்களுக்கு வேலையும் ஆச்சு, பழைய காருக்கு வைத்தியரும் ஆச்சு.

அதுவரை, வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்?

செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார் பார்க்கப் போகிறவர்கள் இவற்றை மறக்க வேண்டாம்.

ஆர்.சி-யில் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். வாரண்டி அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. நீங்கள் வாங்கும் தேதியிலிருந்து இல்லை.

உங்கள் பெயருக்கு வாரண்டி மாறுமா, எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்பதை கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். "மாறும் சார்" என்ற வாய் வார்த்தை போதாது. எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது வாரண்டிப் புத்தகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய ரிப்போர்ட் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

வீட்டு மீட்டரை வைத்தே ஒரு தோராயமான சோதனை உண்டு. 20 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை மெதுவாக சார்ஜ் போட்டு, எத்தனை யூனிட் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30.2 கிலோவாட் ஹவர் காருக்கு, புதிதாக இருந்தால் வீணாவதையும் சேர்த்து 26, 27 யூனிட் ஓடும். 21 யூனிட்டிலேயே நிறைந்துவிட்டால் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். துல்லியமான கணக்கு இல்லை; ஆனால் பேரம் பேச இது போதும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பேட்டரிக்கான தனி ஆட்-ஆன் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் புகுந்தால் யார் பணம் கட்டுவார்கள் என்பதை மழைக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எலெக்ட்ரிக் கார் வேண்டாம் என்பது இதன் முடிவு இல்லை. நன்றாக இருக்கும் பேட்டரியோடு நியாயமான விலைக்குக் கிடைக்கும் பழைய எலெக்ட்ரிக் கார், தினமும் 60, 70 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு குடும்பத்துக்கு இன்றைக்கு ஆகச் சிக்கனமான கார்களில் ஒன்று. அந்த 'நன்றாக இருக்கும் பேட்டரி' எது என்று தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான் வாங்குபவர் கேட்கிறார். முதல் கார்களின் வாரண்டி முடிய அதிக காலம் இல்லை. அதற்குள் விலைப்பட்டியலும் பேட்டரிச் சான்றும் வந்துவிட்டால் அந்தக் கார்கள் இன்னும் பல வருஷம் ஓடும். வராவிட்டால், நல்லா ஓடக்கூடிய கார்களும் 'பேட்டரி போயிடுமோ' என்ற பயத்திலேயே காயலான் கடைக்குப் போகும்.